“உயிருடன்” என்ற கட்டம்

வியாழக்கிழமை மத்தியானம் என்றாலே ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்காரிக்கு உடம்பை அடித்துப் போட்டது போலிருக்கும். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரர்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாள் அது. அவர்கள் போன பிறகு, வராதவர்களின் வீடுகளுக்கு அவள் போன் போட வேண்டும். ஆள் இருந்தால் “உயிருடன்” என்ற கட்டத்தில் ஒரு டிக். இல்லையென்றால் இறந்த தேதி. அதை வைத்துத்தான், புதிதாக வருகிறவர்களுக்கு இத்தனை மாதம் என்று டாக்டர் சொல்வார்.

“அவர் இருக்காருங்களா?” என்று கேட்டு, அழுகையைக் கேட்டு, உடனே “எந்தத் தேதிங்க?” என்றும் கேட்டுப் பாருங்கள், தெரியும். பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிற்று. போன் போடாமலேயே டிக் அடிக்கத் தொடங்கினாள். நாலு பேர் கூடுதலாக உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் குடி கெட்டது?

கெட்டது அவள் அண்ணன் குடிதான். அதே நோய் அவருக்கும் வந்தது. டாக்டர் அவளுடைய பட்டியலைப் பார்த்துப் பதினெட்டு மாதம் என்றார். அதை நம்பி அண்ணன், தன் மகளின் கல்யாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. பொய் என்று தெரிந்தும் அவளும் அதை நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, எல்லோரும் போன பிறகும் வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழைய நோயாளி, தையல்காரர். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். வாயில் ஊற்றினார். உள்ளே இறங்காமல் மோவாய் வழியாகச் சட்டையில் வழிந்தது. பினாயில் வாடையை மீறி, அழுகிய பழம் போல ஒரு வாடை.

“என்னங்க, இன்னும் போகலையா?”

“போக முடியலையேம்மா. நீங்க தேதி போடல.”

அவள் உள்ளே போய் அவர் வீட்டுக்குப் போன் போட்டாள். மனைவி எடுத்தார்.

“அவர் போயி ஒன்பது மாசமாச்சே. இப்பதான் கேக்குறீங்களா?”

டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டுத் தேதியை எழுதினாள். எட்டிப் பார்த்தாள்.

பெஞ்ச் காலி. பலகை மட்டும் நனைந்திருந்தது.

அதற்கடுத்த வியாழன் இருவர். பிறகு மூவர். யாரும் மிரட்டவில்லை. வரிசையில் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். அவளும் களைத்துப்போய் ஒவ்வொருவருக்காகத் தேதி போட்டாள். பட்டியலில் பதினெட்டு என்பது ஏழாக இறங்கியது. அண்ணனுக்கு அப்போது ஆறாவது மாதம். கல்யாணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

ஒரு வியாழன் பெஞ்சில் யாருமே இல்லை. அப்பாடா என்று பதிவேட்டை மூடப் போனாள்.

டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம்.

மேசை மேல் போன் அடித்தது. அண்ணி நம்பர். அவள் எடுக்கவில்லை.

“எடு பாப்பா,” என்றார் அண்ணன் மெதுவாக. “எடுத்துட்டு தேதிய போட்டு விடு. தாகமா இருக்கு. ஒரு சொட்டு இறங்க மாட்டேங்குது.”

“கல்யாணம் வரைக்கும் இருண்ணா.”

“முடியல பாப்பா.”

அவள் பேனாவை எடுத்தாள். அண்ணன் பெயருக்கு நேரே, “உயிருடன்” கட்டத்தில், அழுத்தி ஒரு டிக் அடித்தாள்.

அண்ணன் டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

வைத்த தேதியிலேயே கல்யாணம் நடந்தது. முதல் வரிசையில் அப்பாவுக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொல்லியிருந்தாள் மணப்பெண். எல்லாம் முடிந்ததும் அதைத் தொட்டுவிட்டு, அத்தையிடம் திரும்பினாள்.

“அத்தை, இதுல யாரு தண்ணிய கொட்டினது?”