பதில் சொல்லாத டிஸ்க்

அவள் கதவைத் திறந்தபோது, யாரோ ஒருவன் அவளுடைய கம்ப்யூட்டர்மேல் காதை வைத்தபடி கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை. வெளியே விடாத மழை. குடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஹலோ... யாரு நீங்க? அங்க என்ன பண்றீங்க?"

அவன் கண்ணைத் திறக்காமலே விரலை உதட்டில் வைத்தான்.

"ஒரு நிமிஷம்... பேசாதீங்க."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. அவளுடைய லேபில், அவளையே பேசாதே என்கிறானே!

"செக்யூரிட்டியைக் கூப்பிடட்டுமா?"

"அவர்தாங்க உள்ள விட்டாரு." இப்போதுதான் கண்ணைத் திறந்தான். பெரிய கண்கள்... தூக்கம் கெட்டுச் சிவந்த, கொஞ்சம் பயந்த கண்கள். "டிஸ்க் கம்பெனியிலேர்ந்து வரேன். வர வேண்டியவருக்குக் காய்ச்சல். என்னைப் பிடிச்சு ரயில் ஏத்திட்டாங்க."

கோபம் ஒரு படி இறங்கியது. அவசரமாக அதை மீண்டும் மேலே ஏற்றிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில், புது டிஸ்க் போட்ட கம்ப்யூட்டர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அப்படியே உறைந்து போனது. திரை அசையாது, விசை எடுபடாது. வலியோடு படுத்திருக்கும் நோயாளியை இறக்கி, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, மறுபடி படுக்கவைக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் அவள் கம்பெனியுடையது. அதற்குள்ளிருந்து டிஸ்க்கோடு பேசுகிற 'டிரைவர்' என்ற புரோகிராம், அவள் ஒருத்தி எழுதியது. மற்றவர்கள் எல்லாரும் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். இந்தத் தளத்தில் பதினாறு மேஜைகள். ஆள், அவள் மட்டும்.

வெள்ளிக்கிழமை மாலைதான் எல்லாருக்கும் மெயில் அனுப்பியிருந்தாள். 'டிரைவர் கேட்கிறது; டிஸ்க் பதில் சொல்வதில்லை. தவறு டிஸ்க்கில்தான்.'

"அந்த டிஸ்க்கைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றான் அவன் மெதுவாக. "உங்க மெயில்ல இருக்கறதுதான் முடிவுன்னா, என் வேலை போயிடும்."

அவள் அதே மாதிரி புது டிஸ்க் போட்ட தன் கம்ப்யூட்டரில், டிஸ்க்கை இடைவிடாமல் கேள்வி கேட்கும் சோதனையை ஓடவிட்டாள். இனி அது உறையும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பத்து மணி... பதினொன்று... மழை ஜன்னலில் கோடு கோடாக வழிந்தது. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் எண்களை வெறித்தார்கள். இந்த அறையில் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

"டிரைவர் எழுதறேன்னு சொன்னா வீட்டுல புரியுதா?"

"வீட்டு ஓனரம்மா கேட்டாங்க... 'எந்த வண்டிம்மா ஓட்டறே'ன்னு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "சரிங்க டிரைவர் மேடம்!"

அவளுக்கும் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"காதை வச்சு என்னதான் கேட்டீங்க?"

"டிஸ்க் திணறினா டிக்... டிக்குன்னு திரும்பத் திரும்பத் தேடும். நல்லா இருந்தா ஒரே சீரா ஓடும்." சற்று நிறுத்தினான். "அம்மா போனதுக்கப்புறம் வீட்டுல ஒரு சத்தமும் கிடையாதுங்க. மேஜை மேல ஒரு பழைய டிஸ்க்கை ஓடவிட்டுட்டுத்தான் தூங்கறேன்."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். சிரிப்பு வரவில்லை. ஐந்து வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். நிச்சயம் பண்ணின கல்யாணத்தை வேண்டாம் என்றது... அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தியது... "என் போன் அடிச்சா, எங்கயோ ஒரு மெஷின் நின்னுபோச்சுன்னு அர்த்தம்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவ்வளவுதான். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு எண்கள் நின்றன.

அவன் பாய்ந்து போய்க் காதை வைத்தான். "திணறலையே... சீரா ஓடுது. பதில் சொல்லிட்டு சும்மா இருக்குங்க."

"காதை நம்பி எல்லாம் எழுத முடியாது."

டிஸ்க் கேபிளின் நடுவே தான் கொண்டுவந்து மாட்டியிருந்த பதிவுக் கருவியை அவள் பக்கம் திருப்பினான். கேள்வி போயிருந்தது. பதிலும்... வந்திருந்தது.

அவள் முகம் சூடேறியது. "உங்க கருவி தப்பாக் காட்டியிருக்கும். என் டிரைவர் அஞ்சு வருஷமா ஓடுது!"

"ஓடட்டுமே. இன்னொரு தடவை பாத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

"பாக்கணும்னு நீங்க சொல்லத் தேவையில்ல!"

அவன் பையை எடுத்துக்கொண்டான். "சரிங்க. மெயில்ல எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். திங்கக்கிழமை காலைல வந்து கருவியைக் கழட்டிட்டுப் போறேன்."

காலடி ஓசை தேய்ந்தது. பதினாறு மேஜைகளும் அவளைப் பார்த்தன.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக வந்தாள். ரொட்டித் துண்டைப் பிரிக்கக்கூட மனமில்லாமல் வரி வரியாகப் படித்தாள். மதியம் ஒரு மூன்று வரியில் கை நின்றது. முதல் வரி, டிஸ்க்குக்குக் கேள்வியை அனுப்பு. இரண்டாவது, பழைய பதில் மிச்சமிருந்தால் அழி. மூன்றாவது, பதில் வரும்வரை காத்திரு.

பழைய டிஸ்க்குகள் மெதுவானவை. இந்தப் புது டிஸ்க்கோ, என்றாவது ஒருமுறை, இரண்டாவது வரிக்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறது! வந்த பதிலைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, அது வரவில்லையே என்று காலமெல்லாம் காத்திருக்கிறது அவள் டிரைவர்.

முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். எத்தனை நோயாளிகள்... அதோடு அவன் வேலையும்...

முதல் இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். மெயிலைத் திறந்தாள். மேலதிகாரி, ஆஸ்பத்திரி, டிஸ்க் கம்பெனி... ஒருவரையும் விடவில்லை. 'தவறு டிஸ்க்கில் இல்லை. டிரைவரில். அதை எழுதியது நான். முந்தைய மெயிலுக்கு வருந்துகிறேன்.' அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவன் வந்தான். மழை விட்டிருந்தது.

"மெயில் பாத்தேன்." கருவியைக் கழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னான். "இப்படி எழுத எல்லாருக்கும் மனசு வராதுங்க."

"சனிக்கிழமை பேசினதுக்கு... மன்னிச்சிடுங்க."

"அட, விடுங்க." பையின் ஜிப்பை இழுத்தான். "மத்தியானம் ரயில்."

அவ்வளவுதானா? அவன் கதவுவரை போய்விட்டான். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சரி பண்ணினதைச் சோதிக்க ரெண்டு நாள் ஓடவிடணும்..."

"அது நீங்களே பாத்துக்கலாமே. நான் எதுக்கு?"

"சோதனைக்கு வேண்டாம்." அவள் குரல் உடைந்தது. "எனக்கு... நீங்க இருந்தா நல்லா இருக்கும். உங்களைப் பிடிச்சிருக்கு. முந்தாநாள் நீங்க போனதுக்கப்புறம் இந்த ரூம்ல என்னால உக்காரவே முடியல."

அவன் அசையவில்லை. அந்தப் பெரிய கண்கள் மட்டும் மெல்ல நிறைந்தன. பிறகு போனை எடுத்தபடி வராந்தாவுக்குப் போனான். கண்ணாடிக்கு அப்பால் அவன் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து, பையைக் கீழே வைத்தான்.

"ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க."

"என்ன... என்ன சொன்னீங்க?"

"ஒருத்தங்க என்னை இருக்கச் சொன்னாங்கன்னு." குரல் கம்மியது. "இத்தனை நாள்ல யாருமே என்கிட்ட அப்படிச் சொன்னதில்லைங்க."