முட்டுக்காட்டு இன்ஜின்

செங்கல்பட்டு பட்டறை வாசலில் மினி லாரி வந்து நின்றது. பின்னால் கயிறு கட்டிக் கிடந்த டீசல் இன்ஜினைப் பார்த்ததுமே மெக்கானிக் சம்பத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. உடம்பெல்லாம் உப்பு பூத்து, போல்ட்டு இடுக்கிலெல்லாம் சேறு காய்ந்திருந்தது.

"எங்க புட்ச்ச மச்சான் இத்த?"

"முட்டுக்காட்டு கழில கவுந்துச்சே ஒரு வேனு, அதோடதுதான். இரும்பு வெலைக்குக் கெட்ச்சிது," என்றான் கோதண்டராமன். "நம்ம ஜீப்புல தூக்கி மாட்டு."

"அதுல டிரைவர் தண்ணிக்குள்ளயே மூச்சுத் திணறி செத்தாம்ப்பா. வாணாம்."

"இரும்புக்கு இன்னா தெரியும் மாப்ள? தங்கச்சியக் குட்த்தவன் கேக்கறேன், செய்ய மாட்டியா?"

சம்பத் கயிற்றை அவிழ்க்கப் போனான். லோகநாயகியைக் கட்டி ஒரு வருஷம் ஆகவில்லை. அவள் வயிற்றில் பிள்ளை வேறு. மச்சானை முறைத்துக்கொண்டு வீட்டில் சோறு இறங்குமா?

கோதண்டராமனுடையது ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். திருவிடந்தைக் கடற்கரையில் படகுகளைக் கரையேற்றுவதுதான் பிழைப்பு. ஆனால் பெரிய படகு என்றால் வண்டி பாதி மணலிலேயே படுத்துவிடும். அதற்காகத்தான் பெரிய இன்ஜின் மேல் அப்படி ஒரு வெறி. சம்பத் அதைப் பிரித்துக் கழுவி, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, குறுக்குச் சட்டத்தை அறுத்து ஒருவழியாக உள்ளே இறக்கினான்.

முதல் நாளே கோதண்டராமன் திகைத்தான்.

"இன்னா மாப்ள, சாவியப் புடுங்கிட்டேன், இன்னும் ஓடிக்கினு கீது?"

"டீசலு மச்சான், சாவிக்கு அடங்காது. இந்தக் குமிழ இழு, டீசல் கட்டாவும்."

"அப்பவும் நிக்கலன்னா?"

"காத்து போற வாயில கோணிய வெச்சி அமுக்கணும். மூச்சு இல்லன்னா எந்த இன்ஜினும் அடங்கிடும்." சம்பத் சிரித்தான்.

அட, என்ன இழுவை! இரண்டு வண்டி சேர்ந்து இழுக்கிற படகை ஒற்றை ஆளாக இழுத்தது. குப்பத்தில் கோதண்டராமனுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சும்மா நிற்கும்போதே இன்ஜின் திடீரென்று உறுமும், யாரோ ஆக்சிலேட்டரை அடியோடு மிதிப்பதுபோல. உள்ளே கழிமுகச் சேற்று வாடை அடிக்கும்.

காலையில் பார்த்தால் ஆக்சிலேட்டர் மிதி ஈரமாக இருக்கும்.

"கழட்டிடலாம் மச்சான். எனுக்கு பயமா கீது," என்றான் சம்பத்.

"சீசன் முடியட்டும்யா, பேஜார் பண்ணாத," என்று அடக்கிவிட்டான் கோதண்டராமன். பாவி.

மாசி மாதத்து உச்சி வெயில். கடற்கரைச் சவுக்குத் தோப்போரம் ஜீப் நின்றது. அவர்கள் இரண்டு பேரைத் தவிர சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. சத்தம் என்னவென்று பார்க்க சம்பத் டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டார்ட் பண்ணினான். இன்ஜின் சத்தம் ஏறிற்று. ஏறிக்கொண்டே போயிற்று. சாவியை எடுத்தான், நிற்கவில்லை. குமிழை இழுத்தான், நிற்கவில்லை. கோதண்டராமன் பானெட்டைத் தூக்கி டீசல் குழாயையே பிடுங்கிப் போட்டான். டீசல் மணலில் கொட்டியது.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"கோணிய வெய் மச்சான்!" பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சம்பத் கத்தினான்.

கோதண்டராமன் கோணியைச் சுருட்டிக் காற்று வாயில் வைத்து அழுத்தினான். அது கையோடு சேர்த்து உறிஞ்சியது. உள்ளேயிருந்து களக் களக்கென்று ஒரு சத்தம். தகரத்தில் தட், தட் என்று அடி. இன்ஜின்தான் முட்டுகிறது என்று நினைத்தான். தூக்கிய பானெட் கண்ணை மறைத்தது.

ஹாரன் ஒருமுறை அடித்தது.

நன்றாக அமுக்கச் சொல்கிறான் என்று நினைத்தான். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினான்.

நின்றது.

"நின்னுட்ச்சி மாப்ள!"

கடல் சத்தம் மட்டும் கேட்டது.

பானெட்டை இறக்கினான். சம்பத் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தான். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் கறுத்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஒரு கை மட்டும் இன்னும் ஹாரன்மேல் இருந்தது.

நுரையீரல் நிறையத் தண்ணீர் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கடலில் இறங்கியிருப்பான் என்று ஊரே முடிவு கட்டியது. கோதண்டராமனும் தலையாட்டினான். கோணியைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தங்கச்சியிடம் எந்த வாயால் சொல்வான்? இன்ஜினைக் கழற்றி, படகில் ஏற்றிப்போய் நடுக்கடலில் தள்ளினான். வெறும் கூடாக ஜீப் அவன் வீட்டு வாசலில் நின்றது.

லோகநாயகிக்கு அங்கேதான் பிள்ளை பிறந்தது. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"ண்ணா, வண்டி ஓடிக்கினு கீது."

"அதுல இன்ஜினே இல்லம்மா." சொல்லும்போதே அவனுக்கும் கேட்டது.

சத்தம் ஏறிற்று. ஏறிக்கொண்டே போயிற்று. களக் களக்.

வாசலில் ஹாரன் ஒருமுறை அடித்தது.

லோகநாயகி அவன் பக்கம் திரும்பவே இல்லை. வாசலைப் பார்த்தபடியே, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"கைய எடு ண்ணா. அவருக்கு மூச்சுத் திணறுது."

கோதண்டராமன் குனிந்து பார்த்தான். இரண்டு உள்ளங்கையும் நனைந்திருந்தன. சேற்று வாடை அடித்தது.