இளைத்துப்போன பலகை

கல்லாயில் மரம் காணாமல் போவது புதிய சங்கதி அல்ல. ஆற்றோரத்தில் கிடக்கும் அடிமரத்தை வெள்ளம் கொண்டுபோகும், மில்லில் கிடக்கும் பலகையை மனிதர்கள் கொண்டுபோவார்கள். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் மரப் பட்டறை நடத்தும் ரம்லத் அன்று காலைச் சாயாகூடக் குடிக்காமல் ஒற்றைப் பலகைக்காக சௌதாமினியின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

சௌதாமினி மர மில்களில் தீப்பிடித்தால், சரக்கு குறைந்தால் போய்ப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையைச் சொல்லும் வேலையில் தலை நரைத்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார் என்று பெயர். அவர் எங்கே போனாலும், 'கோயாக்கா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் ஹம்சக்கோயாவின் ஆட்டோவில்தான் போவார். கோயாவுக்குக் கூலியைவிட முழுக் கதையும் தெரிவதுதான் முக்கியம். இப்போதும் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வக்கீல் ஜேக்கபோட அம்மா வீட்டுப் பத்தாயம், சேச்சி" என்று ஆரம்பித்தாள் ரம்லத். "நாலு தலைமுறையா நெல்லு கொட்டினது. வீட்டை இடிச்சப்போ அந்தப் பலாப்பலகை எல்லாத்தையும் எங்கிட்ட அனுப்பினார். அதுல ஒண்ணை இழைச்சதும் நானே அசந்துட்டேன். வரி அப்படியே ஆத்துல சுழி விழுந்த மாதிரி. சாப்பாட்டு மேஜைக்கு நடுவுல அதுதான் வேணும்னு வக்கீல் ஒத்தக் கால்ல நிக்கிறார். நாளைக்குப் பார்க்க வர்றார். பலகை இல்ல."

"எங்க வச்சிருந்தீங்க?"

"உள் அறையில. இழைச்ச பலாவுக்கு வெளிச்சம் ஆகாது, தெரியுமில்ல? மஞ்சளா இருக்கிறது வெளிச்சம் பட்டாக் கறுத்துக்கிட்டே போகும். அதனால இழைச்ச அகலப் பலாப்பலகை ஒண்ணைச் சுவத்துல சாய்ச்சு, வரிப் பலகையை அதுமேல முகம் உள்பக்கமா ஒட்டி நிறுத்தியிருந்தோம். வெளிய தெரியறது இழைக்காத முதுகுதான். வக்கீல் வர்ற வரைக்கும் யாரும் திருப்பக் கூடாதுன்னு நானே சொல்லியிருந்தேன்."

"சாவி?"

"பட்டறைக்கு ரெண்டு, உள் அறைக்குத் தனிப் பூட்டு இல்ல. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு பரதேட்டன்கிட்ட."

பரதன் அந்தப் பட்டறையின் தலைமை ஆசாரி. ரம்லத்தின் கணவர் இறந்தபோது, அவளுக்குக் கடையை நடத்தத் தெரியாது என்று ஊரே சொன்னது. மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்தவர் பரதன்.

"நேத்துக் காலையில பலகை அங்கதான் நின்னுச்சு. மத்தியானம் நான் வடகரைக்குக் கல்யாணத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரரோட தம்பி அஷ்ரஃபோட வண்டியிலதான் போனோம். வண்டி நிறைய சாமான், போதாததுக்குப் பிரியாணி வேகிற பெரிய செம்பு வைக்கன்னு அஷ்ரஃப் ஒரு பலகையை வேற ஏத்திட்டான். நான் காலை மடக்கிக்கிட்டே போனேன். சாயங்காலம் பட்டறையைப் பூட்டினது பரதேட்டன். காலையில பார்த்தா பூட்டு உடையல, பலகை மட்டும் இல்ல."

"நீ என்ன பண்ணினே?"

ரம்லத் தலை குனிந்துகொண்டாள். "எல்லா வேலைக்காரங்க முன்னாடியும் கேட்டுட்டேன், சேச்சி. 'பரதேட்டா, பலகையை எங்க கொண்டுபோனீங்க'ன்னு. அவர் சாவியை மேஜைமேல வச்சுட்டு இறங்கிப் போயிட்டார். நாளைக்கு வக்கீல் போலீசுக்குப் போனா அவர் பேரைத்தான் நான் சொல்லியாகணும்."

"பரதனாவது எடுக்கறதாவது" என்றார் கோயா. "என் ஆட்டோவில ஒரு குடை கிடந்துச்சு. வச்சுக்கோன்னு கொடுத்தா, என்னுது இல்லைன்னு திருப்பிக் கொடுத்தவன் அவன்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன், கோயாக்கா. ஆனா ஒரு விஷயம் உறுத்துது. பலகையை நிறுத்தி வச்சப்புறம் அவர் மகள் பிரசவத்துக்காகப் பையன்னூர் போயிருந்தார். திரும்பி வந்த அன்னிக்கே சொன்னார், 'ரம்லா, பலகை என்னை மாதிரியே இளைச்சுப்போச்சே'ன்னு. அஷ்ரஃப் சிரிச்சான். 'மரம் உலர்ந்தா சுருங்காதா, பரதேட்டா'ன்னான். இப்ப யோசிச்சா, அவர் அப்பவே ஏதோ அடி போட்டு வச்ச மாதிரி தோணுது."

சௌதாமினி எழுந்து செருப்பைத் தேடினார். "அவர் இல்லாதப்போ அவர் சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"அஷ்ரஃப்கிட்ட. ஆனா நேத்து ராத்திரி முழுக்க அவன் என்னோட வடகரையில இருந்தான், சேச்சி. சாவியையும் பரதேட்டன் வந்தன்னிக்கே கொடுத்துட்டான்."

பட்டறையில் ரம்பம் ஓடவில்லை. எட்டுப் பேர் வேலை செய்வதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். சௌதாமினி நேராக உள்ளே போகாமல் முதலில் பின்பக்க முற்றத்தைச் சுற்றிவந்தார். அங்கே பேக்கிங் பெட்டி அடிக்கக் கொச்சிக்கு அனுப்பவேண்டிய ரப்பர் மரப் பலகைகள் கிடந்தன. ஒரு குவியல் வாரிக் கொட்டியதுபோலக் கிடந்தது. இன்னொன்று அழகாக அடுக்கியிருந்தது. கோயா அதன்மேல் ஏறி உட்கார்ந்து பீடியை எடுத்தார்.

"நல்ல சமமா இருக்கு சேச்சி, கட்டில் தோத்துப்போகும்."

அடுக்கின் பக்கவாட்டை சௌதாமினி குனிந்து பார்த்தார். ஒவ்வொரு பலகைக்கும் நடுவே விரல் தடிமனில் ரீப்பர் குச்சிகள், ஒன்றுக்கு நேராக ஒன்று. காற்றுப் போய்வரவும் பலகை வளையாமல் இருக்கவும் வைக்கிற குச்சிகள். நிமிர்ந்து பீடியைப் பற்றவைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

உள் அறையில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் விழுந்தது. அகலப் பலகை சுவரில் தனியாகச் சாய்ந்திருந்தது. வரிப் பலகை நின்ற இடம் மஞ்சளாகவும், சுற்றியுள்ள பகுதி தேன் நிறத்திலும் இருந்தன. கோயா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"பலகையோட நிழல் மாதிரியே இருக்கு. இதுல என்ன துப்புக் கிடைக்கும்? கைரேகை எடுக்கவா? பவுடர் வண்டியிலயே இருக்கு."

"எத்தனை நிழல் தெரியுது, கோயாக்கா?"

"ஒண்ணுதானே."

"நல்லாப் பாருங்க."

கோயா தலையைச் சாய்த்துப் பார்த்தார். ரம்லத்தும் பக்கத்தில் வந்து நின்றாள். மஞ்சளுக்கு வலப்பக்கம், மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை ஓடியது. அது மஞ்சளும் இல்லை, தேன் நிறமும் இல்லை. இரண்டுக்கும் நடுவான நிறம்.

"இந்த அறையில வேற பலா சாமான் என்ன இருக்கு?" என்று கேட்டார் சௌதாமினி.

"அந்த அலமாரித் தட்டு. பையன்னூர் கிளம்பற அன்னிக்குப் பரதேட்டன் இழைச்சு மாட்டினது. அப்புறம் இந்த ஸ்டூல், அவர் திரும்பி வந்த மறுநாள் செஞ்சது."

சௌதாமினி ஸ்டூலைத் தூக்கிப் பட்டையின் பக்கத்தில் வைத்தார். ஸ்டூல் வெளிறியிருந்தது. அலமாரித் தட்டைக் கழற்றி வைத்துப் பார்த்தார். அது பட்டையைவிடக் கறுத்திருந்தது. பிறகு டேப்பால் மஞ்சள் பகுதியின் அகலத்தை அளந்து, கோயாவின் உள்ளங்கையிலேயே எழுதிவைத்தார்.

"அஷ்ரஃபைக் கூப்பிடு" என்றார்.

அஷ்ரஃப் வந்தான். முந்தின நாள் கல்யாணத்துக்குப் போட்ட சட்டை, கசங்காத முகம். "போலீசுக்குச் சொல்லிடலாம் இத்தா. பரதேட்டனை நினைச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றான் அண்ணியைப் பார்த்து.

"இருக்கட்டும்" என்றார் சௌதாமினி. "ரம்லா, வடகரையில கல்யாண வீட்டுக்கு ஒரு போன் போடு. செம்பு வைக்கக் கொண்டுபோன பலகை அங்கதானே இருக்கு? அதோட அகலம் எவ்வளவுன்னு கேளு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை."

அஷ்ரஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரம்லத் அதற்குள் எண்ணை அழுத்திவிட்டாள். மறுமுனையில் அவளுடைய சித்தி மகள் சுபைதா.

"பலகையா? நேத்து மிஞ்சின பிரியாணியைப் பத்திக் கேப்பேன்னு பார்த்தா பலகையைக் கேக்கறியே. இரு, பந்தல்காரன்கிட்ட டேப் வாங்கறேன்." சிறிது நேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு சுபைதா ஓர் அளவைச் சொன்னாள். கோயா உள்ளங்கையைப் பார்த்தார். அதே அளவு.

"ரெண்டு பக்கமும் எப்படி இருக்குன்னு கேளு."

"ஒரு பக்கம் கன்னங்கரேல்னு இருக்கு" என்றாள் சுபைதா. "மறுபக்கம் மஞ்சளா இழைச்சிருக்கு. அதுமேலதான் செம்பு வச்ச கரி. நல்ல பலகையை இப்படிப் பாழ் பண்ணிட்டீங்களே, ரம்லா."

ரம்லத் போனை வைத்தாள். "அதுவும் பத்தாயப் பலகைதான்" என்றாள் மெதுவாக. "நாங்க மிச்சம் வச்சிருந்ததுல ஒண்ணு."

"உட்காருங்க" என்றார் சௌதாமினி. யாரும் உட்காரவில்லை. "பலகை நேத்து ராத்திரி போகல. பரதன் ஊர்ல இல்லாதப்பவே போயிடுச்சு. வரிப் பலகையை எடுத்தவர் அதே இடத்துல இன்னொரு பத்தாயப் பலகையை நிறுத்தி வச்சார். முதுகு எல்லாத்துக்கும் ஒரே கறுப்பு. முகத்தைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்ல. ஆனா மாத்தி வச்சது ரெண்டு விரல் குறைச்சல். அந்த ரெண்டு விரல்ல அன்னையிலேர்ந்து வெளிச்சம் விழுந்துக்கிட்டே இருந்திருக்கு. பரதன் கிளம்பினப்போ இழைச்ச தட்டைவிட அது கொஞ்சம் வெளுப்பு. திரும்பி வந்து செஞ்ச ஸ்டூலைவிடக் கொஞ்சம் கறுப்பு. நடுவுல எப்பவோ ஒருநாள் பலகை மாறியிருக்கு. அந்த நாள்ல அவர் பையன்னூர்ல பேரப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இருந்தார்."

"அப்ப இளைச்சுப்போச்சுன்னு அவர் சொன்னது?" என்றாள் ரம்லத்.

"கண்ணுல பட்டதை அப்படியே சொல்லியிருக்கார். நீதான் அதைக் கள்ளத்தனம்னு நினைச்சுக்கிட்டே."

ரம்லத் அந்தப் பட்டையின்மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். சௌதாமினி தொடர்ந்தார்.

"வக்கீல் வர்றார்னு தெரிஞ்சதும் மாத்தி வச்சதை அப்புறப்படுத்தணும். அவர் திருப்பிப் பார்த்தா முன்னாடியே மாறினது தெரிஞ்சுடும், காணாம போனா நேத்துப் போனதாத்தான் தோணும். ராத்திரி சுமந்துக்கிட்டுப் போனா நாலு பேர் பார்ப்பாங்க. அதனால பட்டப்பகல்ல, கல்யாணச் சாமானோட சாமானா, முதலாளியம்மா காலடியிலயே வச்சுக் கொண்டுபோயாச்சு. பரதன் சாயங்காலம் உள் அறையைத் திறந்து பார்க்காம பூட்டினார். பழி அவர்மேல விழுந்துடுச்சு."

அஷ்ரஃப் சிரிக்க முயன்றான். "கைக்குக் கிடைச்ச பலகையை எடுத்துட்டுப் போனேன் சேச்சி. அது எங்க நின்னுச்சு, யார் வச்சாங்கன்னு நான் எப்படிக் கண்டேன்?"

"மரம் உலர்ந்தா சுருங்கும்னு பரதன்கிட்டச் சொன்னது நீதானே?"

"ஆமா. சுருங்காதா?"

"பச்சை மரம் சுருங்கும். இது நாலு தலைமுறையா வீட்டுக்குள்ள நெல்லோட கிடந்த மரம். இதுல இனிமே சுருங்க என்ன இருக்கு? மர வியாபாரக் குடும்பத்துல பொறந்த உனக்கு அது தெரியாதா? பரதன் திருப்பிப் பார்த்துடக் கூடாதுன்னு அவசரத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டே."



"அப்ப அசல் பலகை?" கோயாவால் அடக்க முடியவில்லை. "அது எங்க?"

"நீங்க அதுமேலதான் உட்கார்ந்திருந்தீங்க, கோயாக்கா."

முற்றத்துக்குப் போய் ரப்பர் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நடுவில், கோணித்துணியில் சுற்றி, வரிப் பலகை இருந்தது.

"பெட்டி அடிக்கிற பலகைக்கு எவனும் ரீப்பர் வைக்க மாட்டான்" என்றார் சௌதாமினி. "பக்கத்துக் குவியலைப் பாருங்க, வாரிக் கொட்டியிருக்கு. ஆனா உள்ள இருக்கிறது நல்ல பலகைன்னு தெரிஞ்சவனுக்கு அப்படிப் போட மனசு வராது. கொச்சிக்கு அடுத்த லோடு ஏத்தறது யாரு, ரம்லா?"

ரம்லத் அஷ்ரஃபைப் பார்த்தாள்.

"கொச்சியில சொந்தமாக் கடை போடணும்னு இருந்தேன், இத்தா" என்றான் அவன். "இங்க எப்பவும் நான் உன் கொழுந்தன்தான். கடை வாசல்ல வைக்க அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா, நாலு பேர் நின்னு பார்ப்பாங்க. பரதேட்டன் பேரு இதுல வரும்னு நான் நினைக்கல."

"நினைக்காமலா அவர் பூட்டற நாளாப் பார்த்து எடுத்தே?" ரம்லத்தின் குரல் உயரவில்லை. "இந்த ரீப்பரை இப்படி வரிசையா வைக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானேடா. போ. வண்டிச் சாவியை வச்சுட்டுப் போ."

அவன் போனான். ரம்லத் அழுதாள். கோயா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

பரதனின் வீடு பேப்பூர் போகிற வழியில் இருந்தது. சௌதாமினியைப் பட்டறையில் விட்டு, ரம்லத்தும் கோயாவும் வந்த ஆட்டோ நின்றபோது பரதன் வெளியே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ரம்லத் படலுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

"கிடைச்சுடுச்சு, பரதேட்டா. நீங்க எடுக்கலை."

"அது எனக்குத் தெரியுமே" என்றார் பரதன். துருவுவதை நிறுத்தவில்லை. "பலகை எப்படி இருக்கு? வளைஞ்சிருக்கா?"

"இல்ல. ஒரு கீறல்கூட இல்ல."

"அதுபோதும்."

"மன்னிச்சுடுங்க. நாளைக்குக் காலையில வேலைக்கு வரணும்."

பரதன் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். "நீ காலையில கேட்டது எட்டுப் பேர் முன்னாடி. மன்னிப்பை மட்டும் என் வீட்டு வாசல்ல வந்து கொடுக்கறே. இங்க யாரு கேக்கறா, என் பொண்டாட்டியும் கோயாவும்தானே? இவங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே என்னைச் சந்தேகப்படலை."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் ராத்திரி எட்டு வீட்டுச் சோத்துப் பேச்சுல நான் கள்ளனா இருக்கணுமா?" அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அவங்க இன்னும் வீட்டுக்குக் கிளம்பியிருக்க மாட்டாங்க. சட்டையைப் போட்டுட்டு வரேன்."

பட்டறையில் எட்டுப் பேரும் இருந்தார்கள். ரம்லத் அவர்கள் நடுவில் போய் நின்றாள். காலையில் கேட்டபோது இருந்த சத்தம் இப்போது வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பலகையை எடுத்தது என் வீட்டு ஆள். பரதேட்டன் இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால உங்க எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

 பரதன் முற்றத்துக்குப் போய்ப் பலகையின் ஒரு முனையில் குனிந்தார். உதவ ஓடிவந்த கோயாவைக் கையால் விலக்கினார்.

"ரம்லா, அந்தப் பக்கம் பிடி. காலையில வக்கீல் வர்றார்."

அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.