ஜன்னல் திறக்கிறது

நீங்கள் படுக்கிற அறையின் ஜன்னலை உள்ளே இருந்து கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

சும்மா கேட்கவில்லை. கோபத்தில்தான் கேட்கிறேன்.

நான் வெல்டிங் வேலை செய்பவன். ஊரை விட்டு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. போன வருடம் வாங்கியது ஒரு பழைய வீடு. அதன் கீழ்த்தளம் பாதி மண்ணுக்குள் இருக்கும். அங்கே பூட்டிக் கிடந்த பெரிய அறையைத் தனிக் குடித்தனமாக மாற்ற நகராட்சியில் அனுமதி கேட்டிருந்தேன். அக்காவுக்காக. அவளுக்கு முட்டி போய்விட்டது, என் மாடிப்படி ஏற முடியாது. அவள் வாடகைக்கு இருந்த இடத்தை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அனுமதி இல்லாமல் குடிவைத்தால் கதவுக்கு சீல் வைப்பார்கள்.

தனி வாசல், தனி சமையல் மேடை, தீப்பிடித்தால் ஆள் ஏறித் தப்பிக்கிற அளவுக்கு ஒரு ஜன்னல். இவ்வளவும் வேண்டும் என்றார்கள். எல்லாம் செய்தேன். ஜன்னல் சட்டத்தை என் கையாலேயே வெல்டிங் வைத்தேன். கீலுக்கு எண்ணெய் விட்டேன். ஒரு விரலால் இழுத்தால் போதும், திறந்துகொள்ளும்.

வெளியே இருந்து.

உள்ளே இருந்து தள்ளினால் அசையாது.

இரண்டு முறை கழற்றி மாட்டினேன். "உனக்கு என்னதான் வேணும், சனியனே?" என்று அதைத் திட்டக்கூடச் செய்தேன். அப்போதெல்லாம் அறையில் ஈரத்துணி கருகுகிற வாடை அடிக்கும். என் சட்டையில் இருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய் மதியம் அக்கா அறையைப் பார்க்க வந்தாள். நான் வெளியே குழாய் அளந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உள்ளங்கை இரண்டும் கரி.

"டேய், உள்ள ஒரு அம்மா இருக்காங்கடா."

"யாருமில்லக்கா. இவ்வளவு நாளா பூட்டிக் கிடந்த ரூமு."

"நான் ஜன்னலைத் தள்ளுறேன். காதுகிட்ட வந்து சொல்றாங்க."

"என்னன்னு?"

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் பலமா."

புதன்கிழமை நகராட்சிக்குப் போனேன். அங்கே இந்த அனுமதிகளைப் பார்க்கும் இன்ஸ்பெக்டருக்கு மேஜைக்காரர் என்றுதான் பெயர். நாற்காலியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. நாலு தடவை என்னை அலைய விட்டவர், அன்று ஏனோ இளகி, உடனே எழுதித் தருவதாகச் சொன்னார்.

"எடத்தைப் பார்க்க வரணுமே சார்."

"எதுக்குப்பா? உன் வீட்டுக்கு முன்னாடியே ஒரு தடவை கொடுத்திருக்கு. அதைப் பார்த்து அப்படியே எழுதிடறேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

கையெழுத்து கிடைத்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. பொய் சொல்லவில்லை.

பழைய ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய தாள். 'நேரில் சோதித்தேன். ஜன்னல் திறக்கிறது.' கீழே அவருடைய கையெழுத்து. ஃபேன் காற்றில் தாள் புரண்டது. அடுத்தது தீயணைப்புத் துறையின் அறிக்கை. கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த தையல்காரப் பெண் மரணம். ஜன்னல் பெயின்ட் பூசி ஒட்டிப்போயிருந்தது. உள்பக்கம் முழுக்க நகக் கீறல்கள்.

"சார், அடுத்த பக்கத்தைப் படிச்சீங்களா?"

"அது பழைய கதைப்பா."

"நீங்க அன்னைக்கு நேர்ல போனீங்களா, இல்லையா?"

பேனாவை மூடினார். "எத்தனை வீட்டுக்குத்தான் போறது?"

ஃபைலை என் பக்கம் இழுத்தேன். "எந்திரிங்க. இல்லன்னா வரிசைல நிக்கிற எல்லாருக்கும் இதைச் சத்தமா படிச்சுக் காட்டுவேன்."

எழுந்தார்.

பகல் பன்னிரண்டரை மணி. சுள்ளென்று வெயில். என் வீட்டுக்கு வந்து அவர் கீழ்த்தள அறைக்குள் போனதும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. நான் சாத்தவில்லை. இழுத்தேன், வரவில்லை. உள்ளே ஜன்னலை இடிக்கும் சத்தம். இருமல். பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக.

"இன்னும் கொஞ்சம் பலமா."

வீட்டைச் சுற்றி ஜன்னல் பக்கம் ஓடினேன். உள்ளே புகையே இல்லை. ஆனால் புகையில் மாட்டியவர் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கண்ணாடியில் அவருடைய இரண்டு கைகள்.

அவற்றின் மேல் இன்னும் இரண்டு.

நகம் இல்லாத விரல்கள்.

அவை அவரைத் தடுக்கவில்லை. அவரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தன.

நான் ஒரு விரலால் இழுத்தேன். திறந்துகொண்டது. அவர் தவழ்ந்து வந்து மண்ணில் விழுந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"திரும்பப் பார்க்கச் சொல்றாங்க," என்றார்.

அவராகவே எழுந்து வாசல் பக்கம் போனார். கதவு இப்போது திறந்திருந்தது. உள்ளே போய், ஜன்னலைச் சாத்தி, தள்ளினார். திறந்தது. திரும்பச் சாத்தித் தள்ளினார். ஐந்து தடவை அப்படிச் செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தெருவுல இன்னும் எத்தனை வீட்டுக்கு உக்காந்த எடத்துலயே போட்டிருக்கீங்க?"

அவர் எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்காவின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மேஜைக்காரர் கக்கத்தில் ஃபைல் கட்டோடு தனியாக வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றார். அந்த வீட்டுக்காரர் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார். பிறகு அவருக்குப் பக்கத்தில் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு நாற்காலி எடுத்து வந்தார்.