நனைந்திருந்த பாதம்

ஆணியில் தொங்கிய பாதம் நனைந்திருந்தது.

பத்து நாளாக மழையே இல்லை. தண்ணீர்த் தொட்டியும் பட்டறையின் மறுமூலையில்தான் இருந்தது. ஆனாலும் கொம்பில் செதுக்கிய அந்த நகங்களிலிருந்து நீர் சொட்டும் ஓசையைத் தோல்காரன் அடுப்பருகே உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். சுண்ணாம்பும் ஊறிய மரப்பட்டையும் கலந்த பழகிய வாடைக்குள், துருப்பிடித்த இரும்பைப் போல ஏதோ ஒன்று புதிதாக மூக்கில் ஏறியது.

பதனிடாத பச்சைத் தோலில், பூதத்தின் பாதம்போல, கையில் மாட்டும் உறையாக அதைத் தைத்தது அவனும் தம்பியும்தான். வெறும் விளையாட்டு. போன மழையின்போது மதிலோரச் சேற்றில் நாலு தடம் பதித்துவிட்டு, ஊர் அலறியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"பூதத்துக்கு ஏழு தலை. நானே எண்ணினேன்," என்றான் அன்று மாவு அரைப்பவன். "ஓடிக்கிட்டே எண்ணினதால ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கலாம்."

நேற்று களஞ்சியக் காவலன் கழுத்து கிழிந்து செத்துக் கிடந்தான். பூதம்தான் என்றது ஊர். கோட்டைத் தலைவர் மட்டும் நம்பவில்லை. வாயில்களை அடைத்து வீடுவீடாகச் சோதனை. தடம் பதித்த போலிப் பாதம் யாரிடம் கிடைக்கிறதோ அவனுக்குத் தூக்கு.

காலையில் தம்பி வந்திருந்தான்.

"பயப்படாதண்ணே, நான் வாயத் திறக்கமாட்டேன். அத எரிச்சு கிரிச்சுத் தொலைக்காத, நாத்தமே காட்டிக் குடுத்துடும். ஆணியிலயே கெடக்கட்டும்." வாசலில் நின்று திரும்பினான். "காவல் வேலைய எனக்கே குடுக்கப் போறாங்களாம்."

தோல்காரன் பாதத்தை ஆணியிலிருந்து எடுத்தான். ஈரமான பச்சைத் தோல், போட்டவனின் கைக்கு ஏற்ப இளகி அந்த வடிவிலேயே நிற்கும். கையை நுழைத்தான். கட்டைவிரல் போனது. அடுத்த இரண்டும் போயின. மோதிர விரல் பாதியில் முட்டியது. அதற்குமேல் தோல் இளகவே இல்லை.

தம்பிக்கு அந்த விரல் பாதிதான். சின்ன வயதில் இவன் கத்தி நழுவியதால் போனது. அன்று அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அழுதவன் இவன்.

கையில் பாதத்தோடு அடுப்பருகே அப்படியே உட்கார்ந்திருந்தான். எதையும் நினைக்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது.

கை வலித்தபோதுதான் குனிந்து பார்த்தான். பச்சைத் தோலை நெருப்பருகே காயவிடக் கூடாது. சுருங்கும். வேலைக்கு வருகிற எவனுக்கும் அவன் முதலில் சொல்வது அதைத்தான்.

இழுத்தான். வரவில்லை. தையலைக் கடித்தான். இன்னும் இறுகியது.

தெருவில் காலடிகள். நிறைய.

"இந்த வீடுதாங்கய்யா." தம்பியின் குரல். அழுகிற குரல். "கூடப் பொறந்தவன்தான். ஆனா சொல்லாம இருக்க மனசு வரல."

கத்தி. எங்கே கத்தி?

தாழ்ப்பாள் தெறித்தது. வெளிச்சம். முகங்கள். எல்லோருக்கும் முன்னால் தம்பி.

அலறியதும் தம்பிதான். நடிப்பு என்றுதான் தோல்காரன் நினைத்தான். பிறகு தம்பியின் பார்வை நிலைத்த இடத்தைப் பார்த்தான்: தன் கையிலிருந்த பாதம்.

தோல்காரன் தன் கையை அசைக்கவில்லை.

நகங்கள் ஒவ்வொன்றாக விரிந்து, தம்பி நின்ற பக்கம் திரும்பின.