லென்ஸ் பார்க்கும் தூரம்

லென்ஸின் மேலுள்ள சின்னக் கண்ணாடிக்குள் தூரத்தைக் காட்டும் கோடு ஏழு மீட்டரில் போய் நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தபால்காரர் இரண்டு மீட்டரில் இருந்தார். அவருக்குப் பின்னால் சாம்பல் திரை, அதற்குப் பின்னால் சுவர், எல்லாம் சேர்ந்தே நாலு மீட்டர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் மாடி உயரத்து வெறும் காற்று. படத்தில் தபால்காரரின் முகம் கரைந்துபோயிருந்தது.

ஸ்டுடியோக்காரிக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. பழைய கேமரா சாமான் விற்பவர், "ஜூம் லென்ஸ் எடுத்துட்டுப் போங்கம்மா, கல்யாணத்துக்கும் ஆகும், கைக்குழந்தைக்கும் ஆகும்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள்தான், முகத்துக்கென்றே செய்த எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குறைந்த கட்டணத்தில் படம் எடுப்பவள் திரையில் மிச்சம் பிடிக்கலாம், விளக்கில் மிச்சம் பிடிக்கலாம். வருகிறவர்களின் முகத்தில் பிடிக்கக் கூடாது. மலிவு என்றால் மட்டம் என்று எவனும் வாய் திறக்கக் கூடாது. அந்த வீம்பில்தான் ஸ்டுடியோவே ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. கேமராவில் ஃபோகஸைத் திருத்தும் அமைப்பில் ஒரு புள்ளி குறைத்தாள். கோடு ஆறுக்கு வந்தது. மறுநாள் இன்னொரு புள்ளி, ஐந்து. வழிக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டாள். விளக்குச் சூட்டில் கருகும் தூசியின் வாசனையோடு, ஈரத் தலையைத் துவட்டாமல் யாரோ நிற்பது போன்ற வாடை அறையில் சேர்ந்துகொண்டதையும், திரைக்குப் பின்னால் சுவரை நகத்தால் மெல்ல நீவுவது போல ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டதையும், பழைய கட்டிடம், அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டாள்.

அதற்குள் இரண்டு குடும்பங்கள் படம் சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்விட்டன. தங்கையின் குழந்தையை அழகாக ஒரு படம் எடுத்து வாசலில் மாட்டினால் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்று நினைத்தாள். மத்தியானம் சின்னவள் குழந்தையோடு வந்தாள். ஜன்னல் துணிகளை இழுத்துவிட்டு, குழந்தையை மெத்தைமேல் கிடத்தினார்கள். குழந்தை சிரிக்கவில்லை. தன் தலைக்கு மேலே எதையோ வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

கோடு மூன்றில் நின்றது.

"பரவாயில்லையே, மூணுக்கு வந்துடுச்சே. நீ சரி பண்ணியா?" என்றாள் சின்னவள்.

"இன்னைக்கு நான் தொடவே இல்லடி."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கியது. அவள் எதையும் திருத்தியிருக்கவில்லை. லென்ஸ் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் பார்த்தது. அது பார்த்துக்கொண்டிருந்ததுதான் நடந்து வந்திருக்கிறது.

கேமராவோடு இணைத்திருந்த பெரிய திரையைப் பார்த்தாள். கண் தெரிந்தால் மட்டும் விழும் பச்சைக் கட்டம் குழந்தைக்கு மேலே, வெறும் இடத்தில் விழுந்திருந்தது. மெல்லக் கீழே இறங்கியது. குனிகிற மாதிரி.

மெத்தையிடம் ஓடினாள். குழந்தையை வாரி எடுத்துத் தங்கையிடம் திணித்தாள்.

"கீழ போ. தெருவுக்குப் போயிடு."

"நீயும் வாக்கா."

"நானும் வந்தா அதுவும் பின்னாலயே வரும். போடி."

கேமராவுக்குப் பின்னாலிருந்த கதவு திறந்து மூடியது. குழந்தையின் அழுகை படிப்படியாக இறங்கித் தெருச் சத்தத்தோடு கலக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மெத்தை கிடந்த இடத்தில், கேமராவுக்கு முகம் காட்டி நின்றாள். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"இது என் இடம். கைக்குழந்தைகிட்ட என்ன உனக்கு? என்னைப் பாரு."

ஈர வாடை. பிடரியில் குளிர். தோளில் ஒரு கனம்.

அழுத்தினாள்.

திரையில் படம் வந்தது. அவள் முகம் மங்கல். தோளுக்கு மேலே, ஒவ்வொரு ஈர மயிரும் தனித்தனியாகத் தெரிய, ஒரு கண்.

அவள் தோளை உதறவில்லை. நிமிர்ந்தாள். வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்.

"மூஞ்சியக் காட்டு. ஒளிஞ்சுக்கிட்டு நின்னா படம் நல்லா வராது."

லென்ஸ் முனகியது. கோடு நகர்ந்தது. இரண்டு.

தோளில் கனம் இல்லை. எங்கும் இல்லை.

அழுத்தினாள்.

முதல் முறையாக அந்த எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் அவள் முகத்தைத் துல்லியமாகப் பிடித்திருந்தது. பச்சைக் கட்டம் அவள் கண்மேல். இமை மயிர்கூட எண்ணலாம். பின்னால் யாரும் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். தாடை வலித்தது, ரிமோட்டை அழுத்தும்போதிலிருந்தே அவ்வளவு இறுக்கமாகக் கடித்திருந்தாள்.

படத்தில் அவள் முகம் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது.