அவன் கேட்ட ஒரே கேள்வி

“அந்தப் பாத்திரத்தை எதுக்கு மெனக்கெட்டு சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போற? போன தடவையும் அப்படியேதானே திரும்பி வந்துச்சு!”

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக் காலை. வான்கோழியை வேக அடுப்பில் வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நாத்தனார் ஆர்லீன் ஆரம்பித்துவிட்டாள். வெர்னா பீன்ஸ் பதார்த்தத்தின் மேல் வறுத்த வெங்காயத்தைத் தூவினாள்.

ஆர்லீன் சொன்னது பொய்யல்ல. அந்த ஆற்றங்கரை ஊரில் சர்ச் விருந்தென்றால் வீட்டுக்கு ஒரு பதார்த்தம். மற்றவர்களின் பாத்திரம் வழித்துத் துடைத்துத் திரும்பும். வெர்னாவுடையதில் மட்டும் பிப்ரவரியிலிருந்து ஒரு கரண்டிகூட விழவில்லை. முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்தார்கள். அவ்வளவு நாகரிகம்!

பிப்ரவரியில் ஒருநாள், பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வெர்னா கைக்குழந்தை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்ததை சர்ச்சுக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். வளர்க்க முடியாதவர்கள் பச்சைக் குழந்தையைப் பத்திரமாக அங்கே ஒப்படைத்தால் பெயர்கூடக் கேட்கக்கூடாது என்பது சட்டம். நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. ஊரும் கேட்கவில்லை, அது வெர்னா பெற்ற குழந்தை என்று தானே முடிவு கட்டிவிட்டது. புருஷன் டுவைட் வடக்கே எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. குளிர்காலம் முழுக்க வெர்னா வெளியே தலைகாட்டவில்லை. வேறென்ன வேண்டும்?

ஊர் திரும்பிய டுவைட் ஒரு வார்த்தை பேசாமல் படுக்கையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டான். அக்கா ஆர்லீனை வரவழைத்து வீட்டோடு வைத்தான், காவலுக்கு! மகள் டெஸ்ஸா வெளியூரில் நர்ஸிங் படிக்கிறாள். அவள் காதில் மட்டும் எதையும் போடவில்லை. மானஸ்தனாயிற்றே.

வெர்னாவும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்து வருவது டெஸ்ஸாவின் பெயர். “என் பொண்ணு இப்படி வந்து நின்னா வாசப்படி மிதிக்க விடமாட்டேன்” என்று, கல்யாணமாகாமல் கர்ப்பமான சர்ச்சுப் பெண் ஒருத்தியைப் பற்றி டுவைட் முன்பு சொன்னதை மகள் கேட்டிருந்தாள். அந்தப் பயம்தான் எல்லாம்.

இப்போது டுவைட் மான் வேட்டைக்கான ஆரஞ்சுக் கோட்டோடு மேஜையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அக்கா பேசுவது காதில் விழாதவன்போல.

“பெத்த குழந்தையைத் தபால் மாதிரி வாசல்ல குடுத்துட்டு வந்தவ கையால சமைச்சதை எவ சாப்பிடுவா? என் தம்பியா இருக்கப்போய் உன்னை வீட்ல வச்சிருக்கான்!”

“அத்தை... என்ன சொன்னீங்க?”

பண்டிகைக்கு ஊர் வந்த டெஸ்ஸா பின்வாசலில் நின்றிருந்தாள், தோளில் பையோடு. முகம் வெளுத்துப்போயிருந்தது.

“டெஸ்ஸா, நீ மேல போம்மா” என்றாள் வெர்னா அவசரமாக.

“அது அம்மாவோட குழந்தைன்னா நினைச்சீங்க...? இத்தனை நாளா?” டெஸ்ஸாவின் குரல் உடைந்தது. “அப்பா, அது என் குழந்தை! குளிர்காலம் முழுக்க அம்மாதான் என்னை வீட்ல மறைச்சு வச்சுப் பாத்துக்கிட்டாங்க. அன்னிக்கு எனக்கு நடக்க முடியல, கார்ல பின்சீட்ல கிடந்தேன். அம்மாதான் தூக்கிட்டுப் போனாங்க... ஐயோ அம்மா, பழி உங்க மேல விழுந்ததை ஏம்மா எங்கிட்ட சொல்லல!”

ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள். வெர்னா அவள் முதுகைத் தடவினாள். இத்தனை மாதம் அடக்கிவைத்த கண்ணீர் அப்போதுதான் வந்தது.

ஆர்லீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டுவைட் எழுந்த வேகத்தில் காபி கோட்டில் கொட்டியது.

“வெர்னா... நான் பாவி! நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நீ ஒரு வார்த்தை கேட்டியா, டுவைட்?”

வெர்னா ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள்.

“அந்த நிலையத்துல ஒரு சின்ன வயசு ஆளு. எதுவும் கேக்கக்கூடாதுன்னு அவனுக்குச் சட்டமே இருக்கு. குழந்தையை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, ‘நீங்க நல்லா இருக்கீங்களாம்மா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?’ன்னு அதை மட்டும் கேட்டான். முன்பின் தெரியாதவன்! இருபத்திரண்டு வருஷம் எங்கூட குடும்பம் நடத்தினவன், அதைக்கூடக் கேக்கல.”

“மன்னிச்சிடு... இனிமே...”

“வான்கோழியை நாலு மணிக்கு வெளியே எடுங்க, ஆர்லீன். விட்டா கருகிடும்.”

ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கோட்டை மாட்டினாள். பீன்ஸ் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மகளின் காரில் ஏறினாள். டுவைட் வாசல் வரை ஓடிவந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. டெஸ்ஸா அதை ஓரமாக நிறுத்தி, பையில் துழாவி ஒரு கரண்டி எடுத்தாள். அம்மாவின் மடியிலிருந்த பாத்திரத்தின் துணியைப் பிரித்து, கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டாள். அழுதுகொண்டே மென்றாள்.

“உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டாள் வெர்னா.